அம்மாவின் கடைசிப் பாவசங்கீர்த்தனம்

அண்ணனுக்குக் குருப்பட்டம் கிடைத்த அன்று மத்தியானத்தோடு அம்மா அவனை 'வாடா, போடா' என்பதை நிறுத்திக்கொண்டாள். ஆயர் அவனுடைய இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசியிருந்தார். பூசை முடிந்ததும் அம்மா வரிசையில் முதல் ஆளாகப் போய், முட்டி போட்டு, அந்தக் கைகளை முத்தமிட்டு, "ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி" என்றாள். அவள் பெற்று, விளக்குமாற்றால் அடித்து வளர்த்த பிள்ளை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். பிள்ளை சாமியாராகிவிட்டால் பெற்றவளும் அவனை 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட வேண்டும். அவன் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. நான் வாய் தவறி 'அண்ணா' என்று கூப்பிட்டால் அம்மா என் தொடையில் கிள்ளுவாள். கல்யாணமாகி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருந்த எனக்குக் கிள்ளு!

எங்கள் ஊர் மரக்காணத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் மீன்பிடிக்கிற குப்பம். நடுவில் எங்கள் தெருவும் சின்னதாக ஒரு கோயிலும். பங்குச் சாமியார் இருப்பது வேறு ஊரில். அவருக்கு எங்களைப் போல இன்னும் பல ஊர்கள் உண்டு என்பதால் இங்கே பூசை ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான். அப்படிப்பட்ட தெருவிலிருந்து ஒருத்தன் சாமியாரானால் எப்படியிருக்கும்? அவனுடைய முதல் பூசைக்குக் குப்பத்து ஜனமெல்லாம் வந்தது. மாரியம்மனுக்கு மேளம் அடிப்பவர்கள்தான் அன்றைக்கு அண்ணனுக்கும் அடித்தார்கள். அம்மா பட்டுப்புடவையில் வேர்த்து ஊற்ற நின்றுகொண்டு எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்து ஒரு மாசி மாத வெயிலில் அவன் ஒரு சூட்கேஸோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினான். அங்கி இல்லை. கோடுபோட்ட சட்டை.

"லீவா சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"விட்டுட்டேம்மா" என்றான்.

ஊர் உடனே ஒரு பொம்பளையைத் தேட ஆரம்பித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உண்மையில் ஒருத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊருக்கும் புரிந்திருக்கும், அம்மாவுக்கும் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருப்பாள். அப்படி யாருமே இல்லை. காரணத்தை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

"பாப்பா, நடுப்பூசையில அப்பத்தைத் தூக்கிப் புடிச்சிருக்கேன். ஜனமெல்லாம் முட்டி போட்டிருக்குது. மணி அடிக்குது. என் கையில அப்பம்தான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். எவ்ளோ நாள் பாப்பா ஜனத்த ஏமாத்தறது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் தையல்காரி. எங்கள் கோயிலில் பீடத்துத் துணிகளைத் தைப்பதும் துவைப்பதும் என் வேலை. பூசையில் அப்பம் ஆண்டவருடைய உடலாகிவிடுகிறது என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நற்கருணையின் துகள் பூசைத் துணியில் ஒட்டியிருக்கலாம் என்பதால் முதலில் அலசிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. கால் படாத மண்ணில்தான் ஊற்ற வேண்டும். "வெறும் அப்பம்னா, நான் எதுக்கு வாளியத் தூக்கிகினு செம்பருத்திச் செடிக்கு நடந்துகினு இருக்கேன்?" என்று கேட்டேன். "நீ ஊத்து பாப்பா. நீ ஊத்தறது சரிதான்" என்றான். அப்படிச் சொன்னதில் எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

ரோமிலிருந்து அவனுக்கு விடுதலை வந்தது. இனிமேல் பூசை வைக்கக் கூடாது, யாருடைய பாவசங்கீர்த்தனத்தையும் கேட்டு மன்னிப்பு கொடுக்கக் கூடாது, அங்கி போடக் கூடாது. அவன் மரக்காணத்தில் ஓர் உப்பு யார்டில் லாரிகளுக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தான். அம்மாவின் வீட்டிலேயே தங்கினான். எனக்கு அண்ணன் திரும்பக் கிடைத்தான், அந்த வகையில் எனக்கு லாபம். அம்மாவுக்குத்தான் திண்டாட்டம். 'சாமி' என்று கூப்பிட முடியாது, 'டேய்' என்பதும் வாயில் வரவில்லை. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து "சோறு இருக்குது" என்பாள். "செவுத்துக்குப் பசிக்குதாம்மா?" என்று நான் கேலி செய்தால் முறைப்பாள். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு போவான். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது.

ஒன்று மட்டும் அவள் விடவில்லை. விடியற்காலையில் மாதா சுரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்து செபமாலை சொல்வாள். சொல்லி முடித்த பிறகும் வெகுநேரம் அவள் உதடு அசைந்துகொண்டிருக்கும். மகன் திரும்பக் குருவாக வேண்டும் என்று கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தெருவில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கார்த்திகையில் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் முதல் வார்த்தையாக, "சாமியாருக்குச் சொல்லி அனுப்புடி. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்றாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் சாமியார்கள் எல்லாரும் வருஷத் தியானத்துக்குப் போயிருந்தார்கள். எங்கள் சாமியார் மட்டுமல்ல, பக்கத்துப் பங்குகளின் சாமியார்களும்தான். அந்த நாட்களில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட மாட்டார்கள், போனை அணைத்து வைத்துவிடுவார்கள். அந்த வாரத்தில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று சொல்வார்களே, எங்களுக்கு வரம் கொடுக்கப் பூசாரியே ஊரில் இல்லை. நான் தியான இல்லத்துச் சமையல்காரரைப் பிடித்துக் கெஞ்சி, அவர் போய்ச் சொல்லி, மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மாதிரி.

"இதோ கெளம்பறேன்மா. ஆனா புதுச்சேரி தாண்டி வரணும். வழியெல்லாம் மழை. நீங்க எனக்காகக் காத்திருக்காதீங்க. அண்ணன் எங்க இருக்கார்?"

"யார்டுல இருக்காங்க, சாமி."

"அவரைக் கூப்பிடுங்க. அவரே கேக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "அவருதான் விட்டுட்டாருங்களே?"

"விட்டாலும் குருத்துவம் போகாதும்மா. எண்ணெய் பூசுனது பூசுனதுதான், அதத் தொடச்சு எடுக்க ஆயராலகூட முடியாது. மத்த நேரத்துல அவர் கேக்கக் கூடாது. சாகற நிலையில ஒருத்தங்க இருந்தா அவர் கேட்டு மன்னிப்பு கொடுக்கலாம். செல்லும். அவருக்கே இது தெரியும்."

நான் மழையில் யார்டுக்குப் போனேன். வழியில் உப்பளம் இருந்த இடமே தெரியவில்லை. பாத்திகளெல்லாம் முழுகி ஒரே தண்ணீராகக் கிடந்தது. அண்ணன் கொட்டகைக்குள் தார்ப்பாய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். சொன்னேன். அவன் தலையை நிமிர்த்தாமலே, "தெரியும்" என்றான்.

"தெரிஞ்சா இங்க உக்காந்துகினு இருக்கே?"

"நான் நம்பலியே பாப்பா."

"உன்ன யாரு நம்பச் சொன்னது? மன்னிப்புதான கொடுக்கச் சொல்றாங்க. நம்பாதவன் ஊசி போட்டா மருந்து ஏறாதா?"

அவன் லேசாகச் சிரித்தான். பிறகு, "அம்மா என்கிட்ட பேசவே மாட்டாங்க. பாவத்தயா சொல்லப் போறாங்க?" என்றான். சொல்லிக்கொண்டே எழுந்து சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். என்னோடு வந்தான்.

அவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு நான் உள்ளே போனேன். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சாமியார் வரத் தாமதமாகும், அதுவரைக்கும் அண்ணனே கேட்கலாமாம், அது செல்லுமாம் என்று காதோரம் குனிந்து சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன். அத்தனை வருஷமாக அழுதாளே, அவன் இன்னும் குருதான் என்று கேட்டால் முகம் மலராதா? அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். நகம் பதிந்தது.

"அவன்கிட்டயா? அவனப் பத்திதாண்டி சொல்லணும்."

"என்னம்மா?"

"அவன் பொட்டிய எடுத்துகினு வந்து நின்னான் பாரு, அன்னையிலருந்து மாதாகிட்ட ஒரே வேண்டுதல்தான். அவன எடுத்துக்க தாயேன்னு. எனக்கு முன்னாடியே எடுத்துக்க, அங்கிய மாட்டி சாமியாரா குழியில போட்டு மூடிட்டு வந்துடறேன்னு. தெனம் கேட்டேன். கேட்டுட்டுப் போய்த்தான் நன்மை வாங்கினேன்."

நற்கருணையைத்தான் அவள் நன்மை என்பாள். அந்த உதடுகள் அசைந்ததெல்லாம் இதற்கா? அவள் அவனுக்குச் சோறு ஆக்கினாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்து, சுவரிடம்தான் என்றாலும், "குடிக்கச் சொல்லு" என்றாள். அதே வாயால் அவன் சாவைக் கேட்டிருக்கிறாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

"இதுவரைக்கும் எந்தச் சாமியார்கிட்டயும் சொல்லலியா?"

"பாவம்னே தோணலடி. இப்பதான் பயமா இருக்குது."

"சரி, என்கிட்ட சொல்லிட்டல்ல? சாமி கேட்டிருப்பாரு. போதும்மா."

அந்த நிலையிலும் அவளுக்குக் கோபம் வந்தது. "நீ யாருடி என்ன மன்னிக்கறதுக்கு?"

அவள் சொன்னது சரிதான். என்னிடம் அழலாம், புலம்பலாம், என் மடியில் மூத்திரம் போகலாம். மன்னிப்பு மட்டும் என்னிடம் கிடைக்காது. வீட்டில் அந்த ஒன்றைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அவள் சொல்ல வேண்டியது, 'நீ சாக வேண்டும் என்று வேண்டினேன்' என்பது. இப்படி ஒரு முடிச்சை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

வெளியே வந்தேன். "என்ன சொன்னாங்க?" என்று அண்ணன் கேட்டான். "யோசிக்கறாங்க" என்றேன். சாமியாருக்குப் போன் போட்டேன். கீழ்புத்துப்பட்டு தாண்டியாயிற்று, முன்னால் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வண்டிகள் நகரவில்லை என்றார். நான் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நானே சொல்லிவிட்டால் அம்மாவுக்குச் சுலபமாகும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

உள்ளேயிருந்து கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. போனேன். அம்மாவின் கண் மேலே செருகியிருந்தது, ஆனால் நினைவு இருந்தது.

"சாமியாரு?"

"இன்னும் வரலம்மா. ரோடு அடைச்சிருக்குதாம்."

மறுபடியும் என் கையைப் பிடித்தாள். பிறகு, "சரி. அவன வரச் சொல்லு" என்றாள்.

அண்ணன் தொட்டியடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டான். பூசைக்கு முன்னால் கழுவுவதைப் போல விரல் நுனியெல்லாம் தேய்த்துக் கழுவினான். பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது சாமியார்கள் கழுத்தில் போடுகிற ஸ்டோல் இல்லை, புத்தகம் இல்லை. உப்புக்கறை படிந்த பேண்ட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். நான் கதவுக்கு வெளியே சாய்ந்து உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. ஷீட் கூரைமேல் மழை அப்படிக் கொட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கதவு திறந்தபோது அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது. கண் மூடியிருந்தது. அண்ணன் என்னைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போய் மழையில் நின்றான். சாமியார் நனைந்துபோய் வந்து சேர்ந்தபோது அம்மாவின் உடம்பில் சூடு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவர் செபம் சொன்னார். பிறகு அண்ணனைப் பார்த்து, "கொடுத்தீங்களா?" என்றார். "கொடுத்தேன்" என்றான். அவ்வளவுதான் இருவரும் பேசிக்கொண்டது.

அடக்கம் முடிந்து ஒருநாள் நான் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "சாகப் போறவங்களால பேச முடியலைன்னாலும் மன்னிப்பு கொடுக்கலாமா, சாமி?" கொடுக்கலாம் என்றார். "பேச முடிஞ்சும், வேணும்னே ஒண்ண மறைச்சுட்டா?" அவர், "அது செல்லாதும்மா. ஆனா கடவுள் பெரியவர்" என்றார். "கடவுள் பெரியவர்னா உங்கள எதுக்கு வச்சிருக்காரு?" என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணன்கிட்ட எதையும் கேக்காதீங்க. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத எந்தச் சாமியாரும் வெளிய சொல்லக் கூடாது. அவங்க ஒண்ணுமே பேசலைன்னாலும், பேசலைங்கறதக்கூடச் சொல்லக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து நான் அண்ணனின் முகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் போட்டோவுக்கு அவன்தான் மாலை போட்டான். அப்படியென்றால் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன், அம்மா பாவத்தோடு போய்விட்டாளே என்று புலம்புவேன். மாதா சுரூபத்தின் பக்கம் அவன் திரும்பவே மாட்டான். அப்படியென்றால் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன், பெற்றவளே தன் சாவை வேண்டியதைக் கேட்டுவிட்டு இவன் எப்படிச் சோறு தின்கிறான் என்று அவன் தட்டையே பார்ப்பேன். அம்மா சொல்லியிருந்தால் அவளுக்கு மோட்சம், இவனுக்கு நரகம். சொல்லாவிட்டால் இவனுக்கு நிம்மதி, அவளுக்கு நரகம். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? எனக்குச் செபம் நின்றுபோனது அப்போதுதான். இப்போதும் துணியைத் துவைக்கிறேன், தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறேன். கை செய்கிறது, நான் அதில் இல்லை.

அண்ணன் போன சித்திரையில் இறந்துவிட்டான். யார்டில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தபோது வெயிலில் நின்றபடியே விழுந்தான், ஆம்புலன்ஸ் திண்டிவனம் போய்ச் சேரவில்லை. சாமியார் யாரும் பக்கத்தில் இல்லை. அம்மாவின் வேண்டுதல்தான் தாமதமாகப் பலித்தது என்று நினைக்காமல் இருக்க நான் தினமும் படாதபாடு படுகிறேன். அவன் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒருவேளை அவனுக்குத் தெரியாமலிருந்து, என் எழுத்தில் அவன் தெரிந்துகொள்ளக் கூடாதல்லவா?

உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டேன். அம்மா இறந்த பிறகு வந்த கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். கடல்காற்று ஒன்றையும் எரியவிடவில்லை. அண்ணன் அம்மாவின் தலைமாட்டில் மணலைக் குழித்து, கையால் மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தான். சாமியார் சொன்னதெல்லாம் நினைவிருந்தும் என்னால் முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணா. நான் அம்மாவுக்காக அழணுமா, உனக்காக அழணுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்ததா, புரியவில்லையா, அதைக்கூட அந்த முகம் காட்டவில்லை.

"அதக் கேக்காத பாப்பா."

"ஏன்? நீதான் நம்பாதவனாச்சே. சாமியாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் அம்மா, என் அம்மா. சொன்னா என்ன?"

"நம்பலதான்."

"அப்புறம் என்ன?"

"நம்பலைன்னாலும் சொல்லக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த மெழுகுவர்த்திகளை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து நடந்தேன். அவன் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வீடு வரும்வரை நான் அவனிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் பற்றிப் பேசினோம், அம்மாவைப் பற்றி மட்டும் பேசவில்லை.